கோடாங்கியின் விசாரணை

பேயோட்டுவதே கோடாங்கியின் தொழில் என்று பொதுஜனங்கள் எண்ணிக்கொண்டிருப்பது சரியன்று. ஓட்டுவது அத்தொழிலின் கடைசிக் காரியம். பல சந்தர்ப்பங்களில் அதற்கு அவசியமே ஏற்படுவதில்லை. அதற்கு முன்னால், வீட்டையும் வாசலையும், அங்குள்ளவர்கள் உண்பதையும் உறங்குவதையும், அந்தக் குடும்பத்தில் யார் எப்போது எவ்விதம் இறந்தார்கள் என்பதையும், இறந்தவரின் பெயரை வீட்டார் வாய்விட்டுச் சொல்கிறார்களா, அல்லது தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுகிறார்களா என்பதையும் ஒன்றுவிடாமல் கேட்டறிகிற நீண்ட விசாரணை ஒன்று இருக்கிறதே, அதுதான் எங்கள் வித்தையின் ஜீவநாடி. என் பாட்டனாரும் தகப்பனாரும் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உடுக்கையெடுத்து ஜீவனம் செய்தவர்கள். அவர்களுக்குப் பின் அந்த உடுக்கை என் கைக்கு வந்தது. சமவெளிக் கிராமங்களில் நான் பார்த்த காரியங்கள் எத்தனையோ இருந்தாலும், இந்த வித்தையின் சூட்சுமத்தை எனக்கு உள்ளபடி போதித்த இடம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளே ஆதலால், அவற்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

1929-ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் வனபூமியைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்குப் பெற்ற பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், காட்டைத் திருத்தித் தேயிலை வைப்பதற்கு ஆள் தேடியபோது, கங்காணிமார் தாமிரபரணிக் கரையூர்களிலிருந்தும் மலைக்கு அப்பாலுள்ள மலையாள தேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்களை அழைத்துப் போனார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் மேலே மேலே ஏறிச் செல்லச் செல்ல, லயன் வீடுகளும் வரிசை வரிசையாக எழுந்தன. மலையேறியவர்கள் சட்டிபானைகளோடு தங்கள் குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். சுடலைமாடனும் இசக்கியம்மனும் பேச்சியும் அவ்விதமே மலைமேல் பீடம் கொண்டார்கள். தெய்வங்கள் ஏறிய பாதையில் பயங்களும் ஏறின. அவற்றை விசாரிக்கத்தான் மணிமுத்தாறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் எங்களையும் அழைத்துப்போனார்கள்.

பகலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சம்பிரதாயத்தின் முதல் விதி. ராத்திரியில் கேட்ட சப்தத்தை ராத்திரியிலேயே ஆராயப் புகுந்தவன், வீட்டாருடைய பயத்தைத் தானும் பங்கு போட்டுக்கொள்வானேயன்றி அதன் மூலத்தை அறியமாட்டான். மாஞ்சோலை மலையில் இந்த விதிக்கு விசேஷமான பிரயோஜனம் உண்டு. சீகாரப் பூங்குருவி என்னும் கருநீலப் பறவை விடிவதற்கு முன்பே ஓடைக்கரையிலிருந்து பாடுவது, யாரோ ஒரு பையன் பாதையில் சீட்டியடித்துக்கொண்டு வருவது போலவே கேட்கும். காட்டில் வாழும் பெரிய ஆந்தை இனம் ஒன்று நள்ளிரவில் எழுப்பும் ஓலத்தை ஒரு முறை கேட்டவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த ஸ்திரீ ஒருத்தி அழுகிறாள் என்று சத்தியம் செய்வார்கள். இலங்கையில் சிங்களவர் ‘உலமா’ என்று பெயரிட்டு அஞ்சுகிற பேய்ப்பறவை இந்த இனமே என்று பறவை நூலார் பலர் கருதுகிறார்கள். மரநாய் தகரக் கூரையின்மேல் நிதானமாக நடந்து போவதும், புலியின் வாடை கண்ட மிளா திடீரென்று கனைப்பதும், சமவெளியிலிருந்து புதிதாக வந்த மருமகள் ஒருத்தியின் காதுக்கு என்னவாகத் தோன்றும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகையால் புதிதாக ஒரு லயனுக்குப் போனால், முதலில் கூரையில் நகக்கீறலும் சுவரோரத்தில் எச்சமும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பிறகே திருநீற்றுப் பையைத் திறப்பேன்.

ஊத்துப் பக்கத்தில் ஒரு வீட்டில் நிகழ்ந்ததை இங்கே சொல்வது பொருந்தும். அடைமழைக் காலம். அந்த வீட்டில் உறங்கிய அனைவருக்கும் ஒரே இரவில் மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல் மூச்சு முட்டியது. விடிந்ததும் தலைவலியும் குமட்டலும். சுவரோரத்தில் ஓர் உருவம் அசையாமல் நின்றதைத் தன் கண்ணால் கண்டதாக வீட்டுக் கிழவி சொன்னாள். அமுக்குவான் பேய்தான் என்று அயலார் தீர்மானித்துவிட்டார்கள். தனியே ஒருவனை மட்டும் அமுக்குவான் பிடித்தால், விழிப்பு வந்த பின்னும் தேகம் தூக்கத்தின் கட்டிலிருந்து விடுபடாமல் கிடக்கும் நிலை அது என்று வைத்தியர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரு வீடு முழுவதையும் ஒரே ராத்திரியில் அமுக்குகிற பேய்க்கு வேறு காரணம் இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்ததில், குளிருக்காக இரும்புச் சட்டியில் தணல் போட்டு உள்ளே வைத்துக்கொண்டு, சாரல் அடிக்காமலிருக்கச் சாக்கினால் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கிலும் துணியைச் செருகியிருந்தது தெரியவந்தது. சட்டியை வெளியே வைத்துவிட்டு ஜன்னலை ஒரு சாண் அளவாவது திறந்து வைக்கச் சொன்னேன். அதன்பின் அந்த உருவம் வரவில்லை. இதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு, வில்மர் என்னும் அமெரிக்கக் கண்வைத்தியர் 1921-ஆம் ஆண்டில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட விருத்தாந்தத்தை நான் அறிய நேர்ந்தது: பழைய வீடு ஒன்றில் குடியேறிய குடும்பத்தார் காலடி ஓசை கேட்டும் உருவங்களைக் கண்டும் நடுங்கியதற்கு, பழுதான கணப்படுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவே காரணமென்று கண்டுபிடித்தார்களாம். அந்த வாயுவின் பெயர் என் தகப்பனாருக்குத் தெரியாது. ஆனால், பேயிருக்கிற வீட்டுக்குள் போனால் முதலில் ஜன்னலைத் திற என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இந்தப் பகல் விசாரணையிலேயே பெரும்பாலான காரியங்கள் முடிந்துவிடும். வேறு சில, வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டியவை. கைகால் வெட்டி வெட்டி இழுத்து வாயில் நுரை தள்ளுகிற வலிப்பு நோயையும், தன்னைப் பற்றி இருவர் ஓயாமல் பேசிக்கொள்வது காதில் விழுகிறதென்று உண்ணாமல் உறங்காமல் மெலிகிற சித்தப்பிரமையையும் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்ள வேண்டியது கோடாங்கியின் கடமை. அப்படிப்பட்டவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லி, திருநீறு மட்டும் இட்டு அனுப்பியிருக்கிறேன். ‘மாத்திரையைச் சாப்பிடு, சாமி துணையிருக்கும்’ என்று நான் சொன்னதற்காகவே மாத்திரையை விடாமல் சாப்பிட்டுத் தேறி, மறுபடியும் வேலைக்குப் போன வாலிபன் ஒருவனை எனக்குத் தெரியும்.

இவையெல்லாம் கழிந்த பிறகும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. உடுக்கை அதற்குத்தான். மலைமேல் மஞ்சு இறங்கிவிட்டால் உடுக்கையின் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து, அதன் குரல் உள்ளே போய்விடும். ஆகையால் அழைப்பதற்கு முன் இரு முகங்களையும் மாற்றி மாற்றித் தணலுக்கு நேரே காட்டி, இடையிலுள்ள கயிற்றை அழுத்திப் பார்த்து, நாதம் ஏறிய பின்னரே ஆரம்பிக்க வேண்டும். திக்குகளைத் திருநீற்றால் கட்டி, அந்த வீட்டுக் குலதெய்வத்தை முதலில் வருணித்து, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே இலையில் மடித்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, தெய்வத்தின் உத்தரவு கிடைத்தால்தான் மேற்கொண்டு நடப்பது. சிவப்பு வந்தால் அன்றைக்கு உடுக்கை உறைக்குள் போய்விடும். உத்தரவு கிடைத்தபின் வந்திருப்பதை அழைத்து, ஊரும் பேரும் கேட்டு, என்ன குறை, என்ன வேண்டும் என்று பேசவிட்டு, கேட்டதில் நியாயமானதைக் கொடுத்து, இனி வருவதில்லை என்று சத்தியம் வாங்குவது கிரமம். இந்தக் கிரமத்தில் பிரதானமானது பெயரைக் கேட்பது. அதன் காரணத்தை நாலுமுக்கில் நான் அறிந்தேன்.

கீழேயுள்ள கிராமமொன்றிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண், கொழுந்து பறிக்கிறவள். பொழுது சாய்ந்தால் உடம்பு விறைத்து, ஆண்பிள்ளைக் குரலில் அதட்டத் தொடங்கிவிடுவாள். லயனுக்குப் பின்னாலுள்ள மரத்தில் எக்காலத்திலோ தூக்குப்போட்டுக்கொண்ட ஒருவன்தான் அவளைப் பிடித்திருக்கிறான் என்பது வீட்டாருடைய முடிவு. நான் பகலில் போய் விசாரித்தபோது மாமியார்க்காரி, “அண்ணாச்சி, பொழுது அடைஞ்சா பிள்ளைக்கு நெனவே இல்ல. அந்த மரத்துக்காரனை எப்படியாவது கட்டிப் போட்டிருங்க” என்றாள். இந்த ஒரு வருஷத்துக்குள் வீட்டில் பிறப்போ இறப்போ உண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள்; மகன் தரையைப் பார்த்தான். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த அடுத்த வீட்டு அம்மாள்தான், அந்தப் பெண்ணுக்குக் குழந்தை செத்தே பிறந்ததென்றும், தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டாமல் இரவோடிரவாகக் கொண்டுபோய்த் தேயிலைச் சரிவின் ஓரத்தில் புதைத்துவிட்டார்களென்றும், பச்சை உடம்பு ஆறுமுன்பே அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாளென்றும் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். அறிந்ததை நான் அங்கே பிரஸ்தாபிக்கவில்லை.

ராத்திரி உடுக்கையடித்தபோது, வந்தது முதலில் பெரிய வீறாப்புப் பேசிற்று. சேவல் கேட்டது, சாராயம் கேட்டது. நான் எதையும் மறுக்காமல், “எல்லாம் தாரேன். உன் பேரைச் சொல்லு” என்று மட்டும் கேட்டேன். மறுபடியும் அதட்டல். மறுபடியும் பேரைக் கேட்டேன். உடுக்கையின் வேகத்தைத் தணித்துத் தணித்துத் தாலாட்டுக்கு ஒக்கக் கொண்டுவந்து, “ஏ தாயி, உன் பேரு என்ன?” என்று கேட்டபோது, அந்த ஆண் குரல் உடைந்து, “பேரு வைக்கலியே... பேரு வைக்காமலே கொண்டு போட்டுட்டியளே” என்று மெல்லிய குரலில் ஒரு பதில் வந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவனை அருகே அழைத்து, உன் பிள்ளைக்குப் பேர் வை என்றேன். அவன் அழுதுகொண்டே தன் பாட்டியின் பெயரைச் சொன்னான். அவள் அந்தப் பெயரைத் தன் வாயால் ஒரு முறை சொல்லிப் பார்த்து, தரையில் சாய்ந்து உறங்கிவிட்டாள். விடிந்ததும் சில்வர் ஓக் மரத்தடியில் அந்த இடத்தை அடையாளம் காட்டச் சொல்லி, ஒரு கல் நாட்டி, மஞ்சள் பூசி, தாயின் கையாலேயே பால் ஊற்றச் செய்தோம், அவளை அழவிட்டோம். மரத்துக்காரன் அப்புறம் வரவில்லை.

அன்று பேசியது இறந்த சிசுவின் ஆவியா, அல்லது அழ விடப்படாத தாயின் மனசா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இறந்தவர்கள் பேசுகிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் பேசுவதற்கு உயிருள்ள ஒரு வாய் வேண்டும். வாயைக் கொடுக்கிறவளுடைய துக்கமும் அந்தப் பேச்சில் கலந்தே வரும். இரண்டையும் பிரித்து நிறுக்கும் தராசு என்னிடமில்லை. கேட்கப்பட்டது நியாயமா என்று பார்த்து, அதைச் செய்து கொடுப்பதே என் கடமை.

எங்கள் வித்தைக்கு ஆதியான வேலன் வெறியாட்டைப் பாடிய சங்கப் புலவர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். மகள் மெலிவதைக் கண்ட தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்பதும், வேலன் கழங்கு போட்டு இது முருகனால் வந்த அணங்கு என்று சொல்வதும், அவள் நோய்க்குக் காரணம் மலைநாட்டுக் காதலன் ஒருவன் என்பதைத் தோழியும் தலைவியும் மட்டுமே அறிந்திருப்பதும் அகப்பாட்டுக்களில் மீண்டும் மீண்டும் வரும். வெறியாட்டைப் பாடியதனாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் பெற்ற புலவரின் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில், வேலனுடைய வெறியாட்டு நடந்த அன்றிரவே காதலன் ரகசியமாக வந்து போக, தலைவியின் வாட்டம் தீர்ந்துவிடுகிறது. வீட்டார் மறைத்ததை விசாரிக்காமல் ஆடுகிற வேலனுக்கு, அன்றே அந்தக் கவி ஓர் எச்சரிக்கை விட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு கோடாங்கியும் அந்தப் பாட்டைப் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மேல்நாட்டாரும் இந்தத் துறையில் புகுந்தவர்களே. 1848-இல் நியூயார்க் மாகாணத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் தட்டொலி மூலம் ஆவியோடு சம்பாஷித்ததாகச் சொன்னதிலிருந்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆவிகளை அழைக்கும் வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. விரல் பட்ட மேஜை தானே நகர்வதாகச் சொல்லப்பட்டதை 1853-இல் பரிசோதித்த விஞ்ஞானி ஃபாரடே, உட்கார்ந்திருப்பவர்களின் கைகளே அவர்கள் அறியாமல் அதைத் தள்ளுகின்றன என்று காட்டினார்; ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருத்தி, அந்தத் தட்டொலி தங்கள் கால்விரல் மூட்டுகளால் எழுப்பியது என்று 1888-இல் தானே ஒப்புக்கொண்டாள். 1882-இல் லண்டனில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிச் சங்கம் தோன்றிற்று. அவர்களுடைய சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஆவி உண்டா என்பதை நிரூபிப்பதிலேயே அவர்களுடைய முயற்சி அனைத்தும் செலவாயிற்று. வந்திருப்பதற்கு என்ன குறை என்று கேட்க அவர்களுக்கு அவகாசமில்லாமற் போயிற்று என்பது என் எண்ணம்.

திருநெல்வேலிச் சீமையில் அகால மரணமடைந்தவர்களுக்கு இடம் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று போகிறவர்கள் பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்புக்களைக் காணிக்கையாகக் கட்டுவதைப் பார்த்திருப்பார்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, செருப்புத் தைத்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட முத்துப்பட்டனே அந்தப் பட்டவராயன். அவன் கதையை வில்லில் பாடும்போது, அவன் மாளும் கட்டத்தில்தான் சாமியாடிகளுக்கு ஆவேசம் வரும். 1809-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சண்டையில் காயமுற்று இறந்த போல் என்ற ஆங்கில அதிகாரியின் சமாதியில் இந்நாட்டு ஜனங்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்து வணங்கியதைப் பாதிரியார் கால்டுவெல் எழுதியிருக்கிறார். பகைநாட்டான் ஆனாலும், ஊரைவிட்டு வந்து கெட்ட சாவு செத்தவனைப் பசியோடு விடக் கூடாதென்பது நம்மவர் கொள்கை. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, மாஞ்சோலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடந்து, குழந்தையொன்று உட்படப் பதினேழு பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் தாமிரபரணியில் மூழ்கி இறந்தவர்கள். ஆண்டுதோறும் அந்நாளில் ஜனங்கள் ஆற்றங்கரைக்கு வந்து மலர் தூவுகிறார்கள். அங்கே உடுக்கை இல்லை, கோடாங்கி இல்லை. நான் அறிந்த வரையில் எங்கள் வித்தையின் சாரம் அதில் பூரணமாக இருக்கிறது.

இவ்வித்தையின் பெயரால் நடக்கும் கொடுமைகளை நான் மறைக்கப்போவதில்லை. வேப்பங்குழையால் வருடுவது முறை. சவுக்கால் அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், சூடு வைப்பதும், பட்டினி போடுவதும் முறையல்ல. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சித்தம் கலங்கியவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, ஓட முடியாமல் இருபத்தெட்டுப் பேர் கருகினார்கள். அவர்களைச் சங்கிலியிட்டவர்கள் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும் அது பாதகமே. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் இப்போது பிரார்த்தனையோடு வைத்தியமும் சேர்ந்து நடப்பது எனக்கு ஆறுதலளிக்கிறது. எல்லாச் சந்நிதிகளிலும் அப்படி நடக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாஞ்சோலையில் வேலை நிறுத்தப்பட்டுத் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. மூன்று நான்கு தலைமுறையாக அந்த மலையில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இறங்கத் தொடங்கின. சுடலைக்கும் இசக்கிக்கும் கீழே புதுப் பீடம் போட்டுக்கொள்ளலாமா, பிடிமண் எடுக்க நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டு வந்தவர்கள் பலர். சொன்னேன். நாலுமுக்கிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணும் வந்தாள். இப்போது அவள் பேரன் எடுத்தவள். சில்வர் ஓக் மரத்தடிக் கல்லைப் பற்றிக் கேட்டாள். சாமிக்குப் பிடிமண் உண்டு. புதைத்த பிள்ளைக்குப் பிடிமண் எடுக்கும் சாஸ்திரம் எங்களிடம் இல்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த மலையில் இப்படிப்பட்ட கற்கள் எத்தனையோ தேயிலைத் தூர்களுக்கு நடுவே கிடக்கின்றன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காட்டை அது மறுபடியும் சேர்வதை நான் ஆட்சேபிக்கவில்லை; புலிக்கும் மிளாவுக்கும் உரிய பூமி அது. ஆனால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வழி விடுவதைப் போல, வருஷத்தில் ஒரு நாளாவது, அங்கே தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் புதைத்தவர்கள் காவலர் துணையோடு போய்ப் பால் ஊற்றி அன்று மாலைக்குள் இறங்கிவர அனுமதிக்கும்படி வனத்துறையாரைக் கேட்டுக்கொள்கிறேன். மலையிலிருந்து இறங்கியவர்களும் அந்தக் கற்கள் எந்தத் தோட்டத்தில், எந்த லயனுக்குப் பின்னால், யார் பெயரில் இருக்கின்றன என்பதை, அறிந்த கிழவிகள் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.